மூன்றாவது டிஸ்சார்ஜ்

மாமா டிஸ்சார்ஜ் ஆகும் நாளெல்லாம் எனக்குத் திருவிழாதான். அவர் அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்து, கிட்வாய் நகரில் அப்பாவுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டால் குணமாகிவிட்டது என்று நம்புகிற வயது.

அந்தக் குளிர்காலத்தில் மாமா இரண்டு தடவை அப்படிக் குணமானார். இரண்டு தடவையும் ஒரு வாரம் தாங்கவில்லை. மறுபடியும் தலைவலி, வாந்தி. மறுபடியும் வார்டின் கோடியில், கழிப்பறைக் கதவை ஒட்டிய அதே கட்டில். தலைமாட்டில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் தள்ளியே நின்றார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். முதுகில் ஊசி போட்டு நீரெடுத்துப் பார்க்க வேண்டும் என்று முதல் தடவையே ஒரு டாக்டர் சொல்லியிருந்தாராம். சொன்னதோடு சரி. எடுக்க ஒருவரும் வரவில்லை. டிரிப் ஏற்றுவார்கள், காய்ச்சல் இறங்கியதும் அனுப்புவார்கள்.

மூன்றாம் தடவை அம்மா என்னையும் அழைத்துப் போனாள். அவளுடைய இந்தி காய்கறிக்கடை வரைதான் செல்லும். டாக்டர் கட்டிலருகே வராமல், மேசையிலிருந்தே இந்தியில் சொன்னார்: "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறதில்லை, அதான் திரும்பத் திரும்ப வர்றார்."

நான் உற்சாகமாகத் தமிழில் சொன்னேன். அம்மா மாமாவின் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு வேளை மாத்திரைகூட அவன் விட்டதில்ல, என் கையாலதான் குடுக்கேன்னு சொல்லுட்டி. முதுகுல நீர் எடுத்துப் பாக்காம நான் இவனைக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"மாமா வீட்டுக்கு வரட்டும்மா."

"நீ சொல்லுதியா, நானே கத்தவா?"

சொன்னேன். "அரே, பெட் காலி பண்ணுங்க! வெளியே எத்தனை பேர் காத்திருக்காங்க!" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

அம்மா தன் காய்கறிக்கடை இந்தியிலேயே கத்தினாள். "ஆப் டர்தா ஹை! சூனே கோ டர்தா ஹை! யே பீ ஆத்மி ஹை!" தொடப் பயப்படுகிறீர்கள், இவனும் மனுஷன்தான் என்று அதற்கு அர்த்தம். இலக்கணம் தப்பு. ஆனால் வார்டில் அது புரியாதவர் எவருமில்லை.

"விடுக்கா," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

அவள் விடவில்லை. சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். ஊசி போட்டு நீரெடுக்கச் சற்று நேரம்தான் ஆனது. அதற்குத்தான் இத்தனை நாள்! மூளையைச் சுற்றி டி.பி. இருந்தது. மருந்து தொடங்கினார்கள். மாமா பிழைத்தார், இன்றும் வேலைக்குப் போகிறார். இடது கண்ணில் மட்டும் பார்வை போனது போனதுதான். முதலிலேயே பார்த்திருந்தால் கண் தப்பியிருக்கலாம் என்று பின்னால் அதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நேற்று மழை பெய்தது என்று சொல்வதைப் போல. இன்று எனக்குக் கோபம் அவர்கள் மேல்தான்.

ஆனால் அன்று எனக்கு அம்மா மேல்தான் கோபம். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன்: "மாமா நம்ம வீட்டுக்கு வர்றது உனக்குப் பிடிக்கலையா?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குளிருகிறது போலும் என்று ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். அந்த டாக்டரே வீட்டுக்குப் போகச் சொன்னார், எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.