கொட்டைதான் பழம்

வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து, உள்ளே எத்தனை அறை என்று எண்ணிய பிறகுதான் பானுமதி அதைக் குழம்பில் போடுவார். பெரும்பாலும் ஐந்து இருக்கும். ஒருநாள் ஆறு இருந்தது. அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்து வேலைக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினார். "கொழம்பு எப்ப கொதிக்கிறது, நான் எப்ப சாப்புடறது?" என்பார் கணவர் விருத்தகிரி.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது பானுமதியின் வேலை. வெளியூர்க் கல்லூரி ஒன்று பாடம் நடத்த, பாதியாகப் பிளந்த பழப் பொம்மைகள் கேட்டதிலிருந்துதான் இந்தப் பழக்கம். மாங்கொட்டையின் ஓடு விதையல்ல, பழத்தின் உள்தோலே அப்படிக் கட்டையாகியிருக்கிறது, விதை அதற்கும் உள்ளே என்று தெரிந்த அன்று பட்டறையில் ஒருவரையும் வேலை செய்ய விடவில்லை. "இத்தினி வருஷமா கொட்ட மொத்தமும் வெதைன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

சென்ற மாதம் முந்திரியின் முறை. கல்லூரி அனுப்பும் படங்களில் பழம் என்றால் சிவப்பு, விதை என்றால் மஞ்சள்; இதில் சாறுள்ள பகுதிக்குச் சிவப்பு, கொட்டை முழுவதற்கும் மஞ்சள். நாற்பது பொம்மைகளுக்கும் பூசி முடித்து அடுக்கும்போது பானுமதியின் கை நின்றது. அவர் பிறந்த ஊர்த் தோப்பில் முதலில் தலைகாட்டுவது கொட்டைதான். அதற்குப் பிறகே காம்பு உப்பிப் பழுக்கும். காம்பு எப்படிப் பழமாகும்?

"படத்துல உள்ளத போடும்மா. சாயங்காலம் சூளையில ஏத்தணும்" என்றார் முதலாளி ராஜ்மோகன். சூளைக்குள் போய்விட்டால் வர்ணத்தை மாற்ற முடியாது.

படத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் பானுமதியே பேசினார். போனை எடுத்தவர், படத்தில் நிறம் குறித்து அனுப்பிய பேராசிரியை கயல்விழி.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கொட்ட ஓட்டுக்குள்ள பருப்பு இருக்குது. பருப்புக்குத் தனியா ஒரு தோலு இருக்குது. அப்ப பருப்புதான வெதை? ஓடுதான பழம்?"

மறுமுனையில் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க. நான்தான் கலரை மாத்திக் குறிச்சிட்டேன். நல்லவேளை கேட்டீங்க." பழம்போலத் தெரிந்தாலும் பழமல்ல என்பதால், உப்பிய காம்பின் மேல் 'பொய்க்கனி' என்று எழுதிவிடவும் சொன்னார்.

நாற்பதையும் ஈரப் பஞ்சால் துடைத்து மறுபடி பூசுவதற்குள் பொழுது சாய்ந்தது. சூளை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. ராஜ்மோகனின் முணுமுணுப்பு பானுமதியின் காதில் ஏறவே இல்லை. அந்த ஒரு சொல்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

"சின்ன வயசுல சாறு ஒழுவ ஒழுவ தின்னமே, அதுவா பொய்யி?"

பிறகு இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உப்பிய அந்தக் காம்பின் ஓரத்தில், எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடி எழுத்தில் 'பொய்க்கனி' என்று எழுதினார்.