ஆறாம் அறைக் குழாய்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்ததைத்தான் சொல்கிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது பட்டப்பகலில், இரண்டேகால் மணிக்கு, வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது.

நம்ம ஆள் ஒரு மெக்கானிக். காற்றில் என்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மெஷின்களைச் சரிபார்ப்பது தொழில். அன்று போனது ஒரு பழக் கிடங்குக்கு. ஆறு அறைகள். உள்ளே ஆக்ஸிஜனைக் குறைத்து வைத்தால் பழம் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் மனுஷன் போனால் முதலில் கால் ஓயும், பிறகு நினைவு போகும். அதனால் ஒவ்வொரு அறையிலிருந்தும் மெஷினுக்கு ஒரு மெல்லிய செம்புக் குழாய். மெஷின் காற்றை இழுத்து, சில செகண்டு காத்திருந்து, அளந்து சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம்.

அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் உயிரே இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால், குழாயில் தங்கிய பழைய காற்றை அளந்துவிட்டு மெஷின் பச்சை காட்டிவிடும். சரியான நேரத்தைக் கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. ஒருவன் அறைக்குள் குழாய் முனையில் நின்று, ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஊதவேண்டும். தட்டு உடனே கேட்கும். மூச்சு வந்துசேர எவ்வளவு நேரமோ, அதுதான் கணக்கு.

ஆறாம் அறை காலியாகத் திறந்து கிடந்தது. ஊத வேண்டியவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அங்கேயே லோடு இறக்குகிறவன். அறை நிரம்பியபின் பச்சை விளக்கை நம்பி உள்ளே போய்வரப் போகிறவனும் அவன்தான். லாரி நிற்கிறது, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நம்ம ஆளுக்குப் பசி. போகிற இடத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும் நேரம் முப்பது செகண்டு என்று போடுகிறவர்தானே. இங்கேயும் போட்டால் என்ன குடியா முழுகிவிடும்? மூன்றை அழுத்தினார். பூஜ்யத்தின்மேல் விரலை வைத்தார்...

டொக். டொக்.

குழாயில்தான். சீக்கிரம் வந்துவிட்டானே என்று சலித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது செகண்டில் ஒன்றுமில்லை. ஐம்பதிலும் இல்லை. எழுபத்துநாலில் எண் சரிந்தது.

ஆக்ஸிஜன் நாலு சதவீதம்.

உயிரோடு இருப்பவன் ஊதினால் பதினாறு, பதினேழு காட்டவேண்டும். மெஷின் கோளாறோ என்று தானே ஒருதரம் ஊதிப் பார்த்தார். பதினேழு. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

டொக்... டொக்.

மறுபடி எழுபத்துநாலு. இந்தத் தடவை மூன்று.

டொக்...

இரண்டாவது தட்டு வரவில்லை.

எழுபத்துநாலில்... இரண்டு.

பின்னால் கதவு திறந்தது.

"லேட்டாயிடுச்சு மாமா. இப்பத்தான் லோடு முடிஞ்சுது. போய் ஊதட்டுமா?"

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அழுத்தியிருந்த மூன்றை அழித்தார். எழுபத்துநாலுக்குமேல் கொஞ்சம் கூட்டி எண்பது போட்டார்.

சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, இங்கே அளந்து போட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று தோளில் தட்டினார். அதற்கும் நம்ம ஆள் தலையாட்டினார். வெட்கத்தில் உடம்பு கூசியது.

சாயங்காலம் மாமியார் வீட்டில் சாப்பாடு. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய லோடுமேன் ஒருவர் சொன்னதைச் சொன்னான். போன வருஷம் ஒருத்தர் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு ஆறாம் அறைக்குள் போனாராம். தூக்கும்போது வாய் குழாய் முனையில் இருந்ததாம். கையில் ஸ்பேனர். தட்டியிருக்கிறார், யார் காதிலும் விழவில்லை.

"அப்ப மெஷின்ல முப்பதுன்னு வெச்சிருந்தாங்களாம். உங்கள மாதிரி பொறுமையா அளந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரு... இல்ல மாமா?"

அளந்தது தான் இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மச்சான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டான்.