டிராக் குரல்

டிவி தொடருக்குப் படப்பிடிப்பு முடிந்தால் செலவும் முடிந்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் எடிட்டிங், டப்பிங், இசை, கலர் என்று வரிசையாக வந்து நிற்கும். எபிசோடுக்கு இவ்வளவு என்று அதற்கெல்லாம் பட்ஜெட் போடுவது தைரியராஜின் வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அப்துல் ஹலீம் நடத்தும் சின்ன கம்பெனி அது. முதலாளி கேட்பதற்கு முன்பே செலவைக் குறைத்துவிடுவதில் தைரியராஜ் கில்லாடி. "நம்ம தைரியம் போட்ட பட்ஜெட்ட நான் படிச்சுக்கூட பாக்க மாட்டேன்" என்று ஹலீம் நாலு பேர் முன்னால் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷன் எதை வேண்டுமானாலும் வெட்டுவார்.

ஸ்ரீரங்கத்து வீதிகளில் எடுத்த தொடரில், மேளமும் ஆட்டோ ஹாரனும் புகுந்து நடிகர்கள் பேசியது ஒன்றும் தேறவில்லை. எல்லோருக்கும் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து டப்பிங் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் எடிட்டிங்கில் நீளம் தெரிவதற்காக யாராவது வசனத்தைப் பேசிப் பதிந்து வைக்க வேண்டும். அதை டிராக் என்பார்கள். அசல் குரல் வந்ததும் எடுத்துவிடப் போகிற ஒன்றுக்குச் சம்பளமா என்று அந்தச் செலவை அடித்துவிட்டு, மனைவி ஆன்சியைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைத்தார்.

ஆன்சி பாலக்கரையில் ஸ்கூல் டீச்சர். சாயங்காலம் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு வந்து, மாமியாரும் மருமகளுமாக அவளே சண்டை போடுவாள். நடுவில் சிரித்துவிடுவாள்.

"அக்கா, மாமியார் சிரிக்கக் கூடாதுக்கா" என்பான் எடிட்டர் இம்தியாஸ்.

"ஏன், அவங்களுக்கு மட்டும் சிரிப்பு வராதாப்பா?"

இருபத்தாறு எபிசோடும் அவள்தான் பேசினாள். வீடு திரும்பும்போது, "என்னங்க, ஒரு டீயாவது உங்க பட்ஜெட்ல உண்டா?" என்று தைரியராஜைச் சீண்டுவாள்.

அடுத்த சீசனுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டது. புதிதாக வாங்கினால் பதினாறாயிரம். 'பழைய டிராக்கை அழித்து அதே டிஸ்க்' என்று தைரியராஜ் தன் கைப்பட எழுதினார். ஹலீம் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து, வகுப்பில் நின்றுகொண்டிருந்த ஆன்சி தலையை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் போய்விட்டாள். முப்பத்தொன்பது வயதுகூட முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, அவள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. போனைத் துழாவினார். ஸ்கூலில் கத்திக் கத்தித் தொண்டை போச்சு என்று எதையும் டைப் செய்தே அனுப்புகிறவள் அவள். வீடியோக்களையும் அவளே எடுத்ததால் எதிலும் அவள் பேச்சு இல்லை. அப்போதுதான் அந்த இருபத்தாறு எபிசோடும் ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனி மாடிப்படியில் ஏறி ஓடினார்.

"அதுமேல ரெண்டு தடவ எழுதியாச்சுண்ணே" என்றான் இம்தியாஸ். "நீங்கதானே அப்ப..." மீதியை விழுங்கிக்கொண்டான். அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களிடமும் டிஸ்க் போய் வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

புது சீசன் பட்ஜெட்டில் தைரியராஜ் இரண்டு டிஸ்க் எழுதிக்கொண்டுபோய் நின்றார்.

"நாலா எழுதுங்க தைரியம். டிஸ்க் வாங்க வேணாம்னு நான் என்னைக்காவது சொல்லிருக்கேனா?" என்றார் ஹலீம்.

சொன்னதே இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். தைரியராஜ் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். பாராட்டுக்கு ஆசைப்பட்டுப் பெண்டாட்டியின் குரலைக் கொடுத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இம்தியாஸுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அண்ணே, மருமகளுக்கு டப்பிங் பேச வந்த சென்னைப் பொண்ணு அக்கா டிராக்கக் கேட்டுத்தான் பேசுச்சு. அந்த இழுப்பு, நிறுத்தம் எல்லாம் அக்காவோடதுதான். போட்டுக் கேளுங்க."

கேட்டார். நிஜம்தான். கோபத்தில் சட்டென்று வார்த்தையை நிறுத்துவது, 'வாங்க'வில் அந்தக் கடைசி இழுப்பு, எல்லாம் ஆன்சி. அன்றிலிருந்து தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதாவது மிச்சம் இருக்கிறதே என்று ஆறு மாதம் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்தியாஸோடு லொகேஷன் பார்க்க ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். தூறல் விழுந்தது. இந்நேரம் ஆன்சி இருந்தால் என்ன கேட்பாள் என்று நினைத்தார். "குடை எடுத்தீங்களா?" என்று உடனே கேட்டாள். சென்னைப் பெண்ணின் குரலில் கேட்டாள்.

திடுக்கிட்டு மறுபடி நினைத்துப் பார்த்தார். அவளைச் சாப்பிடக் கூப்பிட வைத்தார், திட்ட வைத்தார், சிரிக்க வைத்தார். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுகிறவரைக்கும் பார்த்தார். எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணே பேசினாள்.

பக்கத்தில் இருந்த இம்தியாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அக்கா குரல் எப்படிப்பா இருக்கும்?"

இம்தியாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். "கணீர்னு இருக்கும்ண்ணே" என்றான்.

"கணீர்னா," என்றார் தைரியராஜ், "எப்படிப்பா?"