ஆல்டன் பிரைஸின் கையெழுத்து

ஆல்டன் பிரைஸ் அறுபத்தொரு படங்களில் நடித்தார். இருபத்து மூன்றில் டாக்டர். கைப்பையோடு மாடி ஏறிப் போவார். இறங்கி வந்து "இனி பயமில்லை" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொள்வார். மற்றவற்றில் நீதிபதி, ஹோட்டல் மேனேஜர், கதாநாயகியின் அப்பாவுக்கு நண்பர். போஸ்டரில் அவர் பெயர் வந்தால் கடைசி வரியில் வரும். ஹாலிவுட்டில் இப்படிப் பதினாலு வருடம் வேலையில் இருப்பது சின்ன விஷயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்டூடியோ யோசிக்கும். வேண்டுமென்றால் ஒப்பந்தத்தை நீட்டிக்கும், வேண்டாமென்றால் இரண்டு வரிக் கடிதம் வரும். இருபத்தெட்டுத் தடவை அவர் வேண்டும் என்றே சொன்னார்கள்.

1951 அக்டோபரில் மெரிடியன் ஸ்டூடியோ சாப்பாட்டுக் கூடத்தில் அவர் மேஜை காலியாக ஆரம்பித்தது. முதலில் கவனித்தது என் அம்மா. அம்மா உடைப் பிரிவில் தையல்காரி. கூடத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதை வைத்தே யாருக்கு இறக்கம் என்று சொல்லிவிடுவாள்.

"டாக்டர் தனியா சூப் குடிக்கறான். மூணு நாளா. ஆள்கிட்ட என்னமோ இருக்கு," என்றாள்.

இருந்தது. அந்த வருடம் ஊரெல்லாம் பட்டியல்கள் சுற்றின. வாஷிங்டன் கமிட்டியிடம் ஒன்று, அதற்கு உதவி செய்கிறோம் என்று தாங்களே கிளம்பியவர்களிடம் வேறு பல. பட்டியலில் பெயர் வந்தால் கம்யூனிஸ்ட் என்று அர்த்தம், அல்லது கம்யூனிஸ்டோடு காபி குடித்தவன் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே தண்டனை. எந்த ஸ்டூடியோவும் வேலை தராது, ஏன் என்றும் சொல்லாது. எங்களுக்கு வந்த பட்டியலில் 1936 செப்டம்பரில் நடந்த ஒரு விருந்தின் தாள் இருந்தது. ஸ்பெயின் போரில் தவித்த குழந்தைகளுக்குப் பால் வாங்க நடத்திய விருந்து. கீழே முப்பது கையெழுத்து. பதினொன்றாவது, ஆல்டன் பிரைஸ்.

நான் விளம்பரப் பிரிவில் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, நடிகர்களின் வாழ்க்கை வரலாற்றை டைப் அடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது. மேலதிகாரி மிஸ்டர் கோஸ்லிங் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பிரைஸோட வரலாறைப் புதுசா எழுதறோம்னு சொல்லிட்டுப் போய் உக்காரு. பேச்சோட பேச்சா முப்பத்தாறுல என்ன பண்ணிட்டிருந்தான்னு கேளு. டிசம்பர் பதினஞ்சு அவன் ஒப்பந்தத் தேதி. அதுக்குள்ள நமக்குத் தெரியணும்."

"இதை ஏன் சார் நேராவே கேக்கக் கூடாது?"

"நேரா கேட்டா நேரா பொய் சொல்வான். நடிகன்மா."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

காலை ஏழு மணிக்கு அவர் ஒப்பனை நாற்காலியில் இருந்தார். சட்டைக் காலரில் பவுடர் படாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி மெல்லிய காகிதம் சொருகியிருந்தார்கள்.

"வர்ஜீனியால குதிரைப் பண்ணையில வளர்ந்தீங்கன்னு போட்டிருக்கு சார்."

"போட்டிருந்தா சரிதான்."

"குதிரைங்க பேரு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அதை உங்க ஆபீஸ்லதான் கேக்கணும். அவங்கதான வளர்த்தாங்க."

ஒப்பனைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே, "முப்பத்தாறுல எங்க இருந்தீங்க?" என்றேன்.

அவர் கையைத் தூக்கினார். பிரஷ் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, குதிரையிலேர்ந்து ஒரே தாவா முப்பத்தாறுக்குத் தாவிட்டியே. யாரு தாவச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். வருஷ வரிசைக்குத்தான்."

"வரிசைன்னா முப்பத்தஞ்சுல்ல முதல்ல வரும்?"

பிரஷ்ஷுக்கு மறுபடி முகத்தைக் கொடுத்துவிட்டார். கோஸ்லிங் கேட்டபோது, "மழுப்பறார் சார்," என்றேன். அவர் அந்த வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டார். கடைசியில் அது எந்தக் கோப்புக்குப் போனதோ தெரியாது. கெட்டிக்காரத்தனமாக ஒரு சொல்லைச் சொன்ன சந்தோஷம் மட்டும் அன்று இருந்தது.

தேதிகளைச் சரிபார்க்கப் பழைய அலமாரியைத் திறந்தேன். கோஸ்லிங் வருவதற்கு முன் இருந்த அதிகாரி, ஸ்டூடியோ உண்டாக்கிய பெயர்களுக்கெல்லாம் அட்டை வைத்திருந்தார். ஆல்டன் பிரைஸ் அட்டையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

முதல் ஆள் லாயிட் டீக், ஓக்லஹோமா. 1936 மே முதல் 1937 மே வரை. படம் எதிலும் வராமலே நீக்கப்பட்டார். இரண்டாவது ஆள் கசிமிர் வொலான்ஸ்கி, பென்சில்வேனியா. 1937 ஜூன் முதல். ஓரத்தில் பென்சிலால், 'பெயர் பத்திரிகைகளில் ஏற்கெனவே வந்துவிட்டது, வீணாக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

அப்படித்தான் செய்வார்கள். ஒருவரை அனுப்பிவிட்டால் அவர் அணிந்த கோட்டை அடுத்தவருக்குப் பிடித்துத் தைக்கிற மாதிரி பெயரையும் தைத்துவிடுவார்கள். அதோடு இந்த ஆள் பிறந்ததிலிருந்தே ஆல்டன் பிரைஸ், 1935 முதலே லாஸ் ஏஞ்சல்ஸ் நாடக மேடைகளில் இருந்தவர் என்று நாங்களே ஒரு வரலாறும் எழுதிப் பரப்பினோம். பட்டியல்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் தேடி வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட ஆல்டன் பிரைஸ், டீக். அந்த மாதம் வொலான்ஸ்கி இந்த ஊரிலேயே இல்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு போய் கோஸ்லிங்கிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இது உண்மையா என்று எனக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது. அட்டையை பிரைஸே எழுதி வைத்திருந்தால்? அந்த வருடம் எல்லாருக்கும் அப்படித்தான் மூளை ஓடியது.

டெலிபோன் புத்தகத்தில் லாயிட் டீக் இருந்தார். பர்பாங்க்கில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர். மதிய இடைவேளையில் போனேன். மர வாசனை அடிக்கிற கூடத்தில் தனியாக சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆல்டன் பிரைஸ் என்றதும் மெல்வதை நிறுத்தினார்.

"யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவீங்க. பையில என்ன?"

பையைத் திறந்து காட்டினேன். சீப்பு, கைக்குட்டை, பஸ் டிக்கெட். அதற்குப் பிறகும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஆமா, அந்த விருந்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன். பக்கத்துல இருந்தவன் பேனாவை நீட்டினான், போட்டேன். போன வருஷம் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சத்தியக் காகிதம் வாங்கினாங்க. அந்தமாதிரி எதுலயும் சேர்ந்ததே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். வெளிய தெரிஞ்சா வேலை போறது மட்டுமில்ல, பொய்ச் சத்தியம்னு உள்ளயும் போடுவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க." மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றினார். "இப்ப அந்தப் பேர்ல நடிக்கற ஆளு சொல்லப்போறானா?"

"அவருக்கு நீங்க யாருன்னு தெரியுமான்னே எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா சொல்லத்தான் செய்வான். அவன் இடத்துல நானா இருந்தா சொல்லிருப்பேன். இதையும் போய் அவன்கிட்ட சொல்லிக்கோ."

மறுநாள் பிரைஸை அவர் காரிலேயே பிடித்தேன். ஸ்டூடியோ மதில் ஓரம், வெயிலில், ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து அட்டையை நீட்டினேன். "மிஸ்டர் வொலான்ஸ்கி, இது உங்களைக் காப்பாத்தும்," என்றேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார், யாராவது இருக்கிறார்களா என்று. அட்டையை இரண்டு முறை படித்தார்.

"வேற யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"கோஸ்லிங்?"

"இல்ல சார்."

"இல்லன்னா ஏன் இல்ல? உனக்கு என்ன லாபம்?"

டீக்கைப் பார்த்ததையும், அவர் எழுதிக் கொடுத்த சத்தியக் காகிதத்தையும் சொன்னேன். அவர் கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். இதைக் கேட்டால் டீக்கின் பெயரைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"பரவாயில்ல, உள்ளதைச் சொல்ற ஆளு."

அட்டையை நாலாகக் கிழித்து, காரின் சாம்பல் தட்டில் போட்டு, தீக்குச்சி வைத்தார். நான் பிடுங்கப் போனேன். "கை சுடும்மா," என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

அன்று மாலையே கோஸ்லிங்கின் அறைக்கு வந்து, நானும் அங்கே இருக்கும்போதே, "அந்தக் கையெழுத்து என்னோடதுதான். குழந்தைங்களுக்குப் பால்னு சொன்னாங்க, போட்டேன். தப்புன்னா தப்பு," என்று சொல்லிவிட்டார்.

கோஸ்லிங்குக்கு ஏக சந்தோஷம். "இதை முன்னாடியே சொல்லிருந்தா எவ்வளவு சுலபம்! ஒரு வருத்தக் கடிதம். அப்புறம் ஸ்டாடர்டுன்னு ஒருத்தர் இருக்கார், சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துக் கொடுப்பார். அவரைப் போய்ப் பாத்து, பக்கத்துல யாரு யாரு இருந்தாங்கன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

பிரைஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒப்புக்கொண்டால் போதும் என்று நம்பிவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. பதினாலு வருடமாக அவர் நடித்த படங்களில் ஒப்புக்கொண்டவனை யாரும் அதற்குமேல் கேட்டதில்லை.

ஸ்டாடர்டு ஒரு ஹோட்டல் அறையில் இருந்தார். காலை பதினொரு மணி. குறிப்பெடுக்க என்னை அனுப்பியிருந்தார் கோஸ்லிங். ஸ்டாடர்டு மரியாதையான மனிதர். எங்களுக்கு அவரே காபி ஊற்றினார்.

"விருந்துல என்ன சாப்பிட்டீங்க மிஸ்டர் பிரைஸ்?"

"கோழி."

"எங்களுக்கு வந்த தகவல் மீன்னு சொல்லுது."

"மீனா இருக்கலாம். பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"கையெழுத்துத் தாளை உங்ககிட்ட யாரு நீட்டினா?"

"ஞாபகமில்ல."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"...பொம்பளை."

"ஓ. ஆம்பளைன்னு ரெண்டு பேரு சொல்லியிருக்காங்களே."

அறுபத்தொரு படத்தில் வசனம் மறக்காத ஆள் அங்கே தடுமாறிக்கொண்டிருந்தார். அந்த மேஜையில் இருந்த ஒருவரையும் அவருக்குத் தெரியாது. போகாத விருந்து. ஆனால் ஸ்டாடர்டுக்கு ஒவ்வொரு 'தெரியாது'வும் ஒவ்வொரு ஆளை ஒளித்துவைப்பதாகப் பட்டது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு பேரு போதும். எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கற பேரா இருந்தாலும் சரி. நீங்க எங்க பக்கம்னு காட்ட ஒரே ஒரு பேரு."

ஒரு பெயர் அவரிடம் இருந்தது. அந்த விருந்துக்குப் போனவர்களில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள். அந்தப் பெயர் எனக்கும் தெரியும். பிரைஸ் காபிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று. ஸ்டாடர்டு அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டார்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா மிஸ்?"

"எழுதறது மட்டும்தான் சார் என் வேலை."

பென்சில் முனை உடைந்திருந்ததால் உண்மையில் சில நிமிடங்களாக நான் எழுதவும் இல்லை.

"யாரையும் தெரியாது," என்று பிரைஸ் எழுந்துகொண்டார். அன்று அவர் சொன்னவற்றில் ஸ்டாடர்டு துளியும் நம்பாதது அதைத்தான்.

வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"டீக் உங்களுக்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போட மாட்டார் சார். நீங்க மட்டும் ஏன்?"

"ஒரே ஒரு தடவை அந்த ஆளைப் பாத்திருக்கேன்," என்றார். "நான் சேர்ந்த முதல் வாரம். கேட்டுல நிக்கறேன். அவன் அவனோட போட்டோ எல்லாம் திருப்பி வாங்க வந்து நிக்கறான். காவக்காரன் 'மிஸ்டர் பிரைஸ்!'னு கூப்பிட்டான். ரெண்டு பேரும் திரும்பினோம். அவன் என்னைப் பாத்தான். 'போங்க, உங்களைத்தான்'னான்."

"அதுக்காகவா?"

"தெரியல. வேற காரணம் இருக்கான்னு நானும் தேடிப் பாத்தேன். கிடைக்கல. நீ படிச்ச பொண்ணு, உனக்குக் கிடைச்சா சொல்லு."

எனக்குக் கிடைத்தவை எல்லாம் சந்தேகங்கள்தான். எப்படியும் நீக்கத்தான் போகிறார்கள் என்று கணக்குப் போட்டாரோ? ஒரு தடவையாவது பெரிய வேஷம் கட்டிப் பார்க்க ஆசையோ? காட்டிக் கொடுக்காதவர் என்ற பேர் வேண்டியிருந்ததோ? ஒருவர் செய்த நல்ல காரியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு ஏன் வரவில்லை என்பதும் அந்தச் சந்தேகங்களில் ஒன்று.

டிசம்பர் பதினைந்தாம் தேதி இரண்டு வரிக் கடிதத்தை டைப் அடித்தது நான்தான். அதற்குப் பிறகு அவர் படத்தில் வரவில்லை. ரெசீடாவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வொலான்ஸ்கி என்ற பெயரில் ஆணியும் கீலும் விற்றார். 1957இல் இறந்தார். டீக் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறார்.

கடிதம் அனுப்பிய வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை என்றால் எவ்வளவு பெரிய கம்யூனிஸ்டாக இருந்திருக்க வேண்டும் என்றது ஒரு மேஜை. நாற்பது பேரைச் சொல்லிவிட்டான், அதனால்தான் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்றது இன்னொன்று.

அம்மா வீட்டில் ஒரு பாவாடையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள்.

"நீ அந்த ரூம்ல இருந்தியேடி. என்னதான் சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கற. அப்ப என்னமோ இருக்கு."