றெக்ஷனின் பதினைந்து லட்சம் டொலர்

ஊர்காவற்றுறைக் கரையில் பிறந்து, கொழும்பில் பதினொரு வருசம் சம்பளத்துக்கு உதைபந்தடித்த றெக்ஷனுக்கு வயது முப்பத்திரண்டு. வலது முழங்காலுக்கு மட்டும் அறுபது இருக்கும். கிளப்பில் கிடைத்தது மாதம் முப்பத்தையாயிரம், அதுவும் ஆட்டம் நடக்கிற மாதங்களில்தான். மாலைதீவில் ஒரு பருவம் நல்ல சம்பளம் பேசினார்கள். கடைசி இரண்டு மாதக் காசை இன்றுவரை காணோம். வந்ததையும் முழங்கால் ஒப்பரேசன் விழுங்கிவிட்டது. இப்போது தகப்பன் விட்டுப்போன வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறான். வலை இழுக்கையில் காலை ஊன்ற முடியாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறான்.

மூன்று வருசத்துக்கு முன், விளையாட்டுக்காரர்களின் சொத்தைக் கணக்குப் போடும் இணையப் பக்கமொன்றில் யாரோ ஒரு விசரன் அவனுடைய படத்தைப் போட்டு, 'மதிப்பிடப்பட்ட வருமானம் பதினைந்து லட்சம் டொலர்' என்று எழுதிவைத்தான். எப்படி மதிப்பிட்டான் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். றெக்ஷன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதைத் தானே முகநூலில் போட்டான். அதுதான் அவன் செய்த பிழை. ஊர் வாயைப் பிளந்தது. கொஞ்ச நாள் அவனுக்கும் அது இனித்தது, பொய் சொல்வானேன்.

தன்வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தங்கச்சி அன்ரனிட்டாவுக்குப் பக்கத்து ஊர் டிலோனைப் பேசி, கோயிலில் ஃபாதர் மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து அறிவிக்கவேண்டிய கலியாண ஓலையில் முதலாவதை வாசித்தாயிற்று. சீதனம் வீடு. அதுபோக, மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கிற டொனேசன் ஐந்து லட்சம். அதற்காக வள்ளத்தின் எஞ்சினை விற்கப் பேசியிருந்தான் றெக்ஷன். எஞ்சின் போனால் இன்னொருவனின் வள்ளத்தில் கூலிக்குப் போகவேண்டியதுதான். போவோம் என்று நினைத்திருந்தான்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையின் தகப்பன் இன்னாசித்தம்பி வந்து கதிரையில் இருந்ததும் ஃபோனை நீட்டினார்.

"தம்பி, இது நீர்தானே?"

"ஓம் மாமா. படம் என்ரைதான். காசு பொய்."

"அஞ்சு லட்சத்தோட எங்களைப் பேய்க்காட்டப் பாத்தனீர், என்ன? அம்பது வையும். இல்லாட்டி ரெண்டாம் ஓலை வாசிக்க வேண்டாமெண்டு ஃபாதரிட்டைச் சொல்லிப்போடுவன்."

றெக்ஷன் வங்கிப் புத்தகத்தைக் காட்டினான். "வேறை பாங்க் இல்லையே?" என்றார். எஞ்சின் விற்கிற கதையைச் சொன்னான். "காசுக்காரர்தான் உப்பிடி நடிக்கிறது" என்றார். கடைசியில் சாரத்தை உயர்த்தி முழங்கால் தழும்பைக் காட்டினான். குனிந்து பார்த்தார் மனிதர். "வடிவாத்தான் தைச்சிருக்கு. நல்ல விலை குடுத்திருப்பீர்."

இல்லாத காசை இல்லையென்று காட்ட எந்தக் கடதாசியும் கிடையாது. ஞாயிறுவரை தவணை சொல்லிவிட்டு அவர் போனார். தங்கச்சி அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். தொண்ணூறு நிமிடம் ஓடிய நாட்களிலும் அவன் இப்படிக் களைத்ததில்லை.

தாய் செபஸ்தியம்மா குசினியிலிருந்து சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். ஒப்பரேசனுக்குக் காசு போதாமல்போனபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஈடு வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அது இன்னும் மீளவில்லை. தங்கச்சியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவனுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் சொல்லு மோனை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அந்த டொலரிலை கொஞ்சத்தை எடுத்துத் தங்கச்சிக்குக் குடுக்க ஏலாதே?"