ஓரியல் கேட்ட ராட்டினம்

ஓரியல் கிட்டன்ஸுக்கு வலது முழங்கால் சரியில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் கடித்துக் குதறிவிடுவாள். கேரிசன் குதிரைப்பந்தய மைதானத்தை ஒட்டிய எங்கள் லாயத்தில் அவளுக்கு ஒரே வேலைதான்: ஓடிவிட்டு வரும் குதிரைகளை வியர்வை அடங்கும்வரை கையில் பிடித்து நடத்துவது. ஒன்று முடிந்தால் அடுத்தது. காலையில் குதிரைகளைக் கடலில் இறக்கிக் குளிப்பாட்டுவது மற்ற குதிரைக்காரர்களான நாங்கள். தேய்த்து மினுக்குவது நாங்கள். பந்தய நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவதும் நாங்கள்தான். அந்த லாயத்தின் ஒவ்வொரு குதிரையையும் நடத்தியவள், பந்தய நாளில் ஒன்றைக்கூடப் பிடித்து வந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குதிரைகளை நடத்த ஒரு எந்திரம் வாங்கலாமா என்று எங்கள் பயிற்சியாளர் யர்வுட் ஒருநாள் பாதாம் மரத்தடியில் கேட்டார். நாங்கள் வாயைத் திறக்குமுன் ஓரியல் முந்திக்கொண்டாள்.

"வாங்குங்க பாஸ். இன்னைக்கே வாங்குங்க."

"ஏம்மா, உன் சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிறியே!" என்றேன்.

"என் சோத்த நான் பாத்துக்கிறேன் எவர்ட்டன். நீ உன் வாயப் பாத்துக்கோ."

எனக்கு அந்த எந்திரத்தின் படத்தைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. வட்டமாக ஒரு வேலி, நடுவில் மோட்டார், மேலிருந்து தொங்கும் கம்பித் தட்டிகள். இரண்டு தட்டிகளுக்கு நடுவே ஒரு குதிரை. தட்டி நகர நகர அதுவும் நடந்தாக வேண்டும். கையில் பிடித்து நடத்தினால் குதிரைக்குக் கால் நோகிறதா என்று கயிற்றிலேயே தெரியும், எந்திரத்துக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். மிரண்டு உதைத்தால்? மின்சாரம் போனால்? அதே வட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் குதிரைக்குப் பைத்தியம் பிடிக்காதா?

"நாலு குதிரை ஒரே நேரத்துல நடக்கும்" என்றாள் ஓரியல். "அடிபட்டுத் தேறுற குதிரைக்கு ஒரே சீரா நடை கிடைக்கும். நீங்களும் வேற வேலை பாக்கலாம். அதுக்கு முழங்கால் கிடையாது பாஸ், வீங்காது."

யர்வுட் சிரித்துவிட்டார். "அப்ப நீ என்ன செய்வ?"

"ஜிஞ்சர் டீய எனக்குக் குடுங்க. முழுசா நான் பாத்துக்கிறேன். பந்தயத்தன்னைக்கும் நான்தான் புடிச்சுட்டு வருவேன்."

ஜிஞ்சர் டீ ஒரு செந்நிறப் பெட்டைக் குதிரை. பெயருக்கேற்ற காரம். அதுவரை அதைப் பிடித்து வந்தவன் நான். என் தோள்மூட்டைப் பிடுங்கி எறியாத குறை.

"எந்திரம் சரிப்படலன்னா?" என்று கேட்டார் யர்வுட்.

"நானே வீட்டுக்குப் போயிடறேன்."

எந்திரம் வந்தது; ஜிஞ்சர் டீ ஓரியல் கைக்கு மாறியது. ராட்டினம் என்று பெயர் வைத்தோம். பொய் சொல்லக்கூடாது, முதலில் நன்றாகத்தான் ஓடியது. உட்கார்ந்து நிதானமாக ஒரு தம்ளர் மாபிப் பட்டைச் சாறு குடிக்க எனக்கே நேரம் கிடைத்தது. பிறகு ஜிஞ்சர் டீ முன்னங்காலை இழுக்க ஆரம்பித்தது. மற்ற குதிரைகளும் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் கழுத்தை விறைத்துக்கொண்டன.

கால்நடை மருத்துவர் வந்து தடவிப் பார்த்தார். "எந்தப் பக்கமா சுத்த விடுறீங்க? ஒரே பக்கமா சுத்தினா கால் இப்படித்தான் போகும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேரிசனில் பந்தயம் வலப்பக்கமாகத்தான் ஓடும். பயிற்சியும் அப்படித்தான். அதனால் ராட்டினத்தையும் வலப்பக்கமாகவே விட்டிருந்தோம். பக்கம் மாற்றும் பொத்தான் பளபளவென்று புதிதாகவே இருந்தது. யர்வுட்டும் தொட்டதில்லை, ஓரியலும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை.

"மாசக் கடைசிக்குள்ள இந்தக் குதிரை ரெண்டு பக்கமும் நடக்கணும். இல்லன்னா எந்திரம் திரும்பிப் போயிடும்" என்றார் யர்வுட். அதோடு ஓரியலும் போகவேண்டியதுதான். அது அவளே சொன்ன வார்த்தை.

ஓய்வு கொடுத்துக் கால் தேறியபின் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினோம். ஜிஞ்சர் டீ நட்டு வைத்தது போல் நின்றது. பின்தட்டி வந்து உரசியதும் ஒரே உதை. தட்டி வளைந்துவிட்டது.

"சொன்னேனா இல்லையா?" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

ஓரியல் வளைந்த தட்டியை நிமிர்த்தச் சொன்னாள். நிமிர்த்தி மாட்டியதும் வேலிக் கதவைத் திறந்து, குதிரைக்கு முன்னால் காலியாக இருந்த தட்டி இடைவெளிக்குள் போய் நின்றாள்.

"போடு எவர்ட்டன். மெதுவா."

போட்டேன். தட்டி அவளை நெருங்கியதும் காலை விந்தி விந்தி நடந்தாள். கம்பி வலைக்குப் பின்னால் குதிரை காதை நிமிர்த்தி அந்தப் பழகிய முதுகைப் பார்த்தது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது.

தினமும் அப்படியே நடந்தாள். பக்கத்து லாயத்துக்காரர்களுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"கிட்டன்ஸ், லாடம் அடிச்சாச்சா? உனக்கு எப்பப் பந்தயம்?"

"உன் குதிரை மேல பணம் கட்டினவன் தெருவுல நிக்கிறான். என் மேல கட்டினா பொழச்சுக்குவான், போய்ச் சொல்லு!"

முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கியது. எனக்குக் கோபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "இறங்கித் தொல. நான் நடக்கிறேன்" என்று கத்தினேன்.

"உன் பின்னால அது வராது. வேகத்தக் குறைடா, போதும்."

குறைத்தேன். அவள் முழங்கால் தாங்கும் வேகத்துக்கு மோட்டாரைக் குறைத்துக் குறைத்து வைத்தேன். குதிரையும் அதற்கேற்ப அடியைச் சுருக்கிக்கொண்டது. மாசக் கடைசி வருமுன் ஒரு காலையில் அவள் கதவுக்கு வெளியே நின்றுகொள்ள, ஜிஞ்சர் டீ தானாகவே இடப்பக்கம் சுற்றியது. ஓரியல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ராட்டினம் நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பந்தய நாளில் ஓரியலுக்கு நீலச் சட்டை, இஸ்திரி போட்ட பாவாடை. கூட்டத்துக்குக் குதிரைகளைக் காட்டும் வட்டத்தில் மற்றவை எல்லாம் துள்ளிக்கொண்டும் ஆட்களை இழுத்துக்கொண்டும் போயின. என் தோளைப் பிடுங்கிய அந்தப் பெட்டை, ஓரியலின் விந்தல் நடைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தது. பின்னால் வந்த குதிரைகள் எல்லாம் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் நடக்கச் சொல்லி அதிகாரி கையை ஆட்டினார். அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் கூவினான். "எங்க கிட்டன்ஸ் உன் ராட்டினம்?"

"அது அங்க மத்த குதிரைங்கள நடத்திட்டு இருக்கு" என்றாள், திரும்பாமலே. "இத நான் நடத்துறேன்."