காய்ச்சிக் குடிக்கச் சொன்னவன்

தண்ணீர் வராத நாளில் ஊர் நம்மைத் திட்டும். வந்த நாளில் "காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிப் பாருங்கள், அதைவிட ஜாஸ்தியாகத் திட்டும். குடிநீர்ப் பிரிவில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வால்வு திறக்கப் போன இடத்தில் வாங்கிய வசவுகளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எண்பதுகளின் பின்பாதி. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பேர் வேண்டாம், அங்கே மேல்நிலைத் தொட்டிக்கும் தெருக்குழாய்களுக்கும் நான்தான் பொறுப்பு. எனக்கு மேலே ஓவர்சியர் ஒருவர். எனக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஊருக்குள் வாந்திபேதி பரவியது. ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பி, பாய் விரிக்கவும் இடமில்லாமல் போனது. "குழாய்ல எங்கேயோ அழுக்கு சேருது. எங்கேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுய்யா" என்றார் ஓவர்சியர். சொன்னேன். சொன்னதால் பட்டதுதான் இதெல்லாம்.

ஓர் அறிவிப்பு

வாடகை மைக்செட்டை சைக்கிள் ரிக்‌ஷாவில் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம். மளிகைக் கடைக்காரர் வெளியே தொங்கிய வாழைத்தாரை உள்ளே இழுத்தார். ஜவுளிக் கடையில் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகிக் கதவு சாத்தினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நடந்தே கிளம்பிவிட்டார்கள். அந்த வருஷங்களில் மைக் சத்தத்துக்கு இரண்டே அர்த்தம்தான்: ஒன்று மறியல், இல்லாவிட்டால் ஊரடங்கு. நான் "தண்ணீர்" என்ற சொல்லுக்கு வருவதற்குள் கடைத்தெருவில் நானும் ரிக்‌ஷாக்காரரும் இரண்டு ஆடுகளும்தான் மிச்சம்.

உத்தரவு உத்தரவுதானே. ஆடுகளுக்கு முழு அறிவிப்பையும் படித்தேன். கொதி வந்த பிறகும் கொஞ்ச நேரம் கொதிக்க விட வேண்டும், மூடி வைத்து ஆற வைக்க வேண்டும், கையை விட்டு மொள்ளக் கூடாது. முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தபோது டீக்கடைப் பலகை இடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது.

"நாளைக்கு மறியல் இல்லைன்னு மொதல்ல சொல்லுங்க சார். அப்புறம் நாங்க எதை வேணும்னாலும் காய்ச்சறோம்."

மஞ்சள்

தண்ணீரில் போதுமான அளவு கிருமிக்கொல்லி மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் இருந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கூடவே கொடுத்த திரவத்தை அதில் சில சொட்டு விட வேண்டும். மஞ்சளாக மாறினால் மருந்து இருக்கிறது, நல்லது. நிறம் மாறாவிட்டால் மருந்து தீர்ந்துபோயிற்று, ஆபத்து. காமாலை பயமும் சேர்ந்துகொண்ட நேரத்தில் ஊருக்கு இதை எப்படிப் புரிய வைப்பது என்று குழலைக் கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை.

ஒரு தெருவின் முதல் வீட்டில் சோதித்தேன். நல்ல மஞ்சள். அந்த அம்மாள் குடத்தைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டு, "ஐயோ, காமாலை!" என்று கத்தினாள். தெரு கூடிவிட்டது. கடைசி வீட்டில் சோதித்தேன். பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. அந்த வீட்டுக்காரி செல்லம்மா இடுப்பில் கைவைத்துத் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வூட்டுத் தண்ணி சுத்தம்!" நான் விளக்கி முடிப்பதற்குள், முதல் வீட்டிலிருந்து நடு வீடு வரைக்கும் எல்லோரும் குடத்தோடு செல்லம்மா வீட்டுக் குழாயில் வரிசை கட்டிவிட்டார்கள்.

அவர்களை விலக்கிவிட்டு, "அம்மா, உங்க வீட்டுக்குத்தான் மருந்தே வந்து சேரல. இந்தத் தண்ணிதான் மோசம்" என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். வரிசை கலைந்தது. செல்லம்மாவின் முகம் விழுந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"மஞ்சளா வந்தாத்தான் நல்லதுன்னா ரெண்டு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டுடறேன். நீங்க நல்லா இருக்குதுன்னு எழுதிக்கினு போங்க."

வெளுப்பு

அந்த வாரமே அந்த மருந்தும், அதாவது பிளீச்சிங் பவுடர், தீர்ந்துபோனது. கள்ளக்குறிச்சியில் மூட்டை இருந்தது. ஆனால் ரோடு இல்லை. மறியலில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். லாரி வராது, ஜீப் போகாது. ஓவர்சியர் என்னைப் பார்த்தார், நான் என் சைக்கிளைப் பார்த்தேன்.

போகும்போது வெறும் ஆள், யாரும் தடுக்கவில்லை. திரும்பும்போது கேரியரில் மூட்டை. முதல் மரத்திலேயே ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். பவுடர் என்றேன். "இன்னா பவுடர்?" என்று ஒருவர் மூட்டையைக் குத்திப் பார்த்தார். தண்ணீருக்குப் போடுகிற மருந்து, ஊரில் பேதி என்றேன். அவர்களில் மூத்தவர், கைலியை மடித்துக் கட்டியவர், என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "உங்க ஆபீசுல எங்க ஆளுங்க எத்தினி பேருங்க உக்காந்து எழுதறாங்க?" நினைத்துப் பார்த்தேன். சாக்கடை வாரவும் குழி வெட்டவும் கூலிக்கு வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நாற்காலியில் யாரும் வரவில்லை. "யாரும் இல்லைங்க" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டினார். "அதுக்குத்தான் மரம் வெட்டினோம். ஆனா என் தங்கச்சி புள்ளையும் உங்க ஊரு ஆஸ்பத்திரியிலதான் கிடக்குது" என்று சொல்லிவிட்டு மூட்டைக்குத் தோள் கொடுத்தார்.

மரத்துக்கு மரம் ஆட்கள் மாறினார்கள், அந்த மூத்தவர் மட்டும் கடைசி வரை கூடவே வந்தார். என் சைக்கிளை ஒருவர், மூட்டையை இரண்டு பேர் என்று கிளைகளுக்கு மேல் ஏறி இறங்கினார்கள். மழை வேறு தூறியது. கடைசி மரத்தில் ஒரு முள் மூட்டையைக் கிழித்துவிட்டது. ஈரத்தில் பவுடர் பட்ட இடமெல்லாம், மூத்தவருடைய கருநீலக் கைலியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டே போனது. நான் பதறி மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து கைலியைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"போலீசுதான் வந்து வெளுக்கும்னு காலையிலிருந்து காத்துக்கினு இருந்தோம். கடைசியில தண்ணிக்காரரு வந்து வெளுத்துட்டாரே!"

காய்ச்சிய தண்ணீர் எங்கே?

மருந்து போட்டாயிற்று. அடுத்து, வீடு வீடாகப் போய் காய்ச்சுகிறார்களா என்று பார்க்க வேண்டும். நிலபுலன் உள்ள ஒரு கவுண்டர் வீட்டில் கொல்லைப்புறத்தில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. ஊருக்கே உதாரணமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே முற்றத்துக்கு வந்தால், வீட்டுக்காரர் குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தி மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அண்டாவில கொதிக்கிறது?" என்றேன். அவர் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தொழுவத்தைக் காட்டினார்.

"அது மாட்டுக்குங்க. கறவை மாடு, அதுக்கு வயித்தால போச்சுன்னா தாங்காது."

மலை மேல்

கல்வராயன் மலையிலும் ஒரு ஊரில் சிலருக்கு வாந்தி என்று தகவல் வந்தது. அது எங்கள் எல்லை இல்லை. ஆனால் சுகாதார ஆய்வாளரோடு குழலும் பவுடருமாக என்னையும் அனுப்பினார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து ஏற்றம். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறிப் போய் விசாரித்ததில் விஷயம் இதுதான்: படுத்த நால்வரும் எங்கள் ஊருக்குச் சந்தைக்கு வந்து தெருக்குழாயில் தண்ணீர் குடித்தவர்கள். மலையை விட்டு இறங்காதவர்கள் எல்லோரும் கல்லுக்குண்டாக இருந்தார்கள்.

இருந்தாலும் வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. ஊற்றுத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று ஆய்வாளர் பேசினார். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளச்சி என்ற பெண், மண் ஒட்டிய கையோடு நின்று கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"எங்க மலையை விட்டு இறங்கற வரைக்கும் தண்ணி நல்லாத்தானேங்க இருக்குது. உங்ககிட்ட வந்து சேர்ந்தப்புறம்தானே கெடுது?"

குழி

செல்லம்மா இருந்த தெருக்கோடியில் மூன்று நாளாகியும் குழலில் மஞ்சள் வரவில்லை. எவ்வளவு பவுடர் போட்டாலும் வழியிலேயே காணாமல் போனது. குழாய் போகும் பாதையை ஓவர்சியரும் நானும் அடி அடியாகப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசியில் ரிட்டையரான குமாஸ்தா ஒருவர் வீட்டில் அகப்பட்டது. அவர் வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதற்காக வாசலில் ஆளுயரக் குழி வெட்டி, அதன் அடியில் குழாய் வைத்திருந்தார். பக்கத்திலேயே சாக்கடை. மழையில் அது கசிந்து குழியில் நிரம்பி, குழாயின் கழுத்து வரை நின்றது. நாங்கள் தண்ணீரை நிறுத்தும் நேரத்தில் வெறும் குழாய் அந்த அழுக்கை உள்ளே இழுத்து, அதைத் தாண்டி உள்ள வீடுகளுக்கும் சந்தைக் குழாய்க்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் படுத்ததற்குக் காரணம் என் காலடியில் கறுப்பாக மின்னியது. இந்தத் தெருவில் நான் தினமும் வால்வு திறக்கிறவன், குழியைத் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

குழியை மூட வேண்டும் என்றோம். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார். ஓவர்சியர் படம் போட்டே காட்டினார். படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்து வருஷமா நல்ல தண்ணியே எங்க வூட்டுக்கு ஏற மாட்டேங்குது. சாக்கடைத் தண்ணி மட்டும் எப்படிங்க ஏறும்?"

ஒரு சொம்பு

குழியை மூடிய பிறகும், குழாய்கள் சுத்தமாகும் வரைக்கும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்ல ஊருக்கு வெளியே இருந்த காலனிப் பக்கம் போனேன். உச்சி வெயில். பேசிக்கொண்டிருக்கும்போதே மாரியம்மாள் என்ற பெண் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

வேறு காலமாக இருந்தால், "காய்ச்சினதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருப்பேன். ஆனால் ஊருக்கு ஊர் யார் எந்தப் பக்கம் என்று ஜனங்கள் பிரிந்து நின்ற நேரம் அது. ஒருவர் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். வாங்கினேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தேன். மாரியம்மாள் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடிப்பாரா மாட்டாரான்னுதான் பார்த்தோம். காய்ச்சின தண்ணி உள்ள ஆறிக்கினு இருக்குது, இருங்க, அதையும் எடுத்துக்கினு வரேன்."

ஆறாம் நம்பர் கட்டில்

இரண்டாம் நாள் நானே ஆஸ்பத்திரியில் இருந்தேன். சொம்பா, சந்தை டீயா, குழிக்குள் இறங்கிய கையா, எதுவென்று இன்றைக்கும் தெரியாது. ஒரே ராத்திரியில் உடம்பு பாதியானது. கையில் ஊசி, தலைக்கு மேல் குளுகோஸ் பாட்டில். அழுத என் மனைவிக்குத் தைரியம் சொல்லக்கூடக் குரல் எழும்பவில்லை. பிழைப்பேனா என்று ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த நேரத்தில் ஊரெல்லாம் ஒரு செய்தி பரவிவிட்டது: தண்ணிக்காரருக்கே பேதியாம்!

மறுநாள் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் விடாமல் தாங்கள் காய்ச்சுவதாகச் சொன்னார்கள். விறகுக் கடையில் விறகு தீர்ந்துவிட்டதாம். நான் படுத்திருந்த அந்த ஒரு வாரத்தில் புதிதாக வாந்திபேதி என்று யாரும் சேரவில்லை என்று டாக்டரே வந்து சொன்னார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு நெல் வியாபாரி மட்டும் இத்தனையையும் கேட்டுக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து, ரொம்ப அக்கறையோடு சொன்னார்:

"இதை மொத வாரமே செஞ்சிருந்தீங்கன்னா, எங்களுக்கு எல்லாம் இவ்ளோ கஷ்டம் வந்திருக்காதுங்க!"

தண்ணீர் கொதிக்க ஓர் அடுப்பு போதும், ஆனால் ஊர் நம்புவதற்குத் தண்ணிக்காரன் ஒரு தடவையாவது குப்புற விழ வேண்டியிருக்கிறது.